படம் எடுத்த பிறகு பாடம்

முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பணி ஓய்வு விழா நடத்தினார்கள். நான் வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் வேறு வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் செஞ்சியில் நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில், ஆசிரியர்களை வழியனுப்ப ஒரே ஒரு மேடை அலங்காரம்தான் உண்டு. 'பணி ஓய்வுப் பாராட்டு விழா' என்று தெர்மாகோலில் வெட்டி ஒட்டியது. கீழே பெயர் மட்டும் மாறும். ஆகவே சால்வை போர்த்தினார்கள். குத்துவிளக்கு கொடுத்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் கையில் வைத்திருந்த பழைய தாளைப் பார்த்து, "இனிமேலாவது பேரப்பிள்ளைகளோடு நேரம் செலவிட வேண்டும்" என்று வாழ்த்தினார். எனக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். பாதியில் நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று படித்து முடித்துவிட்டார்.

விழா முடிந்ததும், புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியைகள் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மடக்கினார்கள்.

"அக்கா, இனிமே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கிரியேட்டிவ் ஆக்டிவிட்டி கட்டாயமாம், சர்க்குலர் வந்திருக்குது. நீங்கதான் அதுல கில்லாடின்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்."

எழுதியிருக்கிறேன். அவர்கள் கேட்டது இதைத்தானா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நான் படித்தது மின்னணுக் கருவியியல் பொறியியல். ஒரு கருவி தவறான அளவைக் காட்டினால் காரணம் மூன்றில் ஒன்று: கருவியில் கோளாறு, அளக்கப்படும் பொருளில் கோளாறு, அளவைப் பார்க்கிற ஆளிடம் கோளாறு. முதல் இரண்டையும் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவதற்குப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. சென்னையில் வேலை தேடினேன், கிடைக்கவில்லை, ஊர் திரும்பி பி.எட். முடித்தேன், ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இந்தப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அந்த ஆறு மாதம் முடிந்துதான் இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன்.

நான் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் படைப்பாற்றல் இல்லை. சேர்ந்த மறு வருடம் வந்தது. தாளாளர் புதுச்சேரியில் ஒரு நாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு, அதை ஒரு ஃபைலில் போட்டு எடுத்து வந்தார்.

தாளாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெல் வியாபாரத்தில் இருந்து கல்விக்கு வந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. ஏதாவது கேட்டால், மேசைமேல் இருக்கும் பேனாவை எடுத்து விளிம்புக்கு நேராக வைப்பார். வைத்துவிட்டு, "செய்வோம்மா" என்பார். பேனா நேராக இருந்தால் செய்வார். கோணலாக இருந்து, அதைத் திருப்பித் திருப்பி நேராக்கினால் செய்ய மாட்டார். டீ வரவழைத்தால் விஷயம் அதைவிட மோசம். அவர் அறையில் டீ குடித்துவிட்டு வெளியே வந்த யாரும் சந்தோஷமாக வந்து நான் பார்த்ததில்லை. ஒரு கணக்கு ஆசிரியர், வேலையில் இருந்து அனுப்பப்பட்ட அன்று, "டீ மட்டும் நல்லா இருந்துது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருத்தரங்கில் இருந்து திரும்பியவர் எங்களை எல்லாம் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"புள்ளைங்க ஆச்சரியப்படணும்மா. ஆச்சரியப்பட்டாத்தான் படிப்பு ஏறும்னு சொல்றாங்க. தெனைக்கும் எல்லா வகுப்புலயும் ஆச்சரியப்படறாங்கன்னு பேரன்ட்ஸுக்குத் தெரியணும். போட்டோ அனுப்பிடுங்க."

பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு அலுவலக போன். அது அலுவலக உதவியாளர் ராணி அக்காவிடம் இருக்கும். ஒரே பீரியடில் அவர் எல்லா வகுப்புக்கும் போய்வர வேண்டும். ஒரு வகுப்பில் செயல்பாடு தொடங்கி, பிள்ளைகள் யோசித்து, தப்பாகச் செய்து, மறுபடி செய்து, கடைசியில் ஆச்சரியப்படும் வரை நிற்க அவருக்கு நேரம் இல்லை. எனவே ஆச்சரியத்தை முன்னால் கொண்டுவந்தோம். நாளடைவில் அதற்கென்று ஒரு முறை உருவானது. புதியவர்களுக்குப் பயன்படும் என்பதால் வரிசையாகத் தருகிறேன்.

1. வராந்தாவில் ராணி அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் பாடத்தை நிறுத்தவும்.

2. செயல்பாட்டுக்கான பொருளை மேசைமேல் வைக்கவும். பொருள் இல்லாவிட்டால் எரிமலையை வைக்கவும். (எப்போதோ ஒரு கண்காட்சிக்குச் செய்த தெர்மாகோல் எரிமலை. புவியியல், வேதியியல், தமிழ் எல்லாவற்றுக்கும் அதுதான். ஒருமுறை இலாப நட்டக் கணக்குக்கும் வந்திருக்கிறது.)

3. உயரமானவர்கள் பின்னால் நிற்கவும். சீருடை கசங்கியவர்கள் இன்னும் பின்னால்.

4. போன் மேலே எழுந்ததும் ஆச்சரியப்படவும். வாய் திறந்திருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது. தெரிந்தால் அது சிரிப்பு. புருவம் மேலே. வலது கைச் சுட்டுவிரல் பொருளை நோக்கி.

5. ராணி அக்கா "ஆச்சு" என்றதும் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறக்கவும்.

பிள்ளைகள் இதை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். நாங்கள் நடத்திய எதையும் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டதில்லை.

இந்தக் கலையில் முதல் இடம் ஒன்பதாம் வகுப்பு சங்கீதாவுக்கு. செஞ்சிக்கு வெளியே இருக்கிற சிங்கவரத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். ஒல்லியான பெண், பெரிய கண்கள். போன் எழுந்ததும் அவள் முகத்தில் வருவது வெறும் ஆச்சரியமாக இருக்காது. ஏதோ ஒரு உண்மை அப்போதுதான் அவளுக்கு விளங்கியதுபோல இருக்கும். ராணி அக்காவே, "இந்தப் பொண்ணு ஒண்ணு இருந்தா போதும், மத்ததுங்க வாய மூடிக்கினு இருந்தாலும் படம் எடுத்துடுவேன்" என்பார். நாடகம், பாட்டு, சார்ட் விளக்கம், குழுச் செயல்பாடு எதுவாக இருந்தாலும் முதலில் எழுவது அவள்தான். ஆர்வமில்லாத பிள்ளைகளை எப்படி இழுப்பது என்று எங்களுக்குப் பயிற்சிமேல் பயிற்சி கொடுத்தார்கள். சங்கீதாவை யாரும் இழுக்க வேண்டியதில்லை. அதனால் அவளை யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் அந்த வருடம்தான் என்னிடம் வந்தது. முதல் இரண்டு தேர்வுத் தாள்களில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். சங்கீதாவின் விடை ஒவ்வொன்றிலும் முதல் வரி ஓரளவு சரியாக இருந்தது. அதற்குக் கீழே, வினாத்தாளில் இருந்த கேள்வியையே முத்து முத்தான கையெழுத்தில் மறுபடி எழுதியிருந்தாள். கருவி ஒரு அளவும் தாள் வேறு அளவும் காட்டுகிறது. கோளாறு எங்கே என்று பார்க்க, ஒரு நாள் மதியம் அவளைத் தனியாக உட்கார வைத்து ஆங்கிலப் புத்தகத்தில் தனி ஊசல் பாடத்தைக் கொடுத்தேன்.

"வாசி."

புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வரிமேல் விரலை ஓட்டியபடி, தங்கு தடையில்லாமல் வாசித்தாள். என்னைவிட நன்றாக வாசித்தாள். பிறகு கவனித்தேன், வாசிப்பது என்னைப் போலவே இருந்தது. நான் மூச்சுவிடும் இடத்தில் மூச்சுவிட்டாள்.

"தி பாப் இஸ் புல்டு டு ஒன் சைடு, மணி, ஜன்னல மூடு, சாரல் உள்ள அடிக்குது, அண்ட் ரிலீஸ்டு..."

பின் பெஞ்சு மணிகண்டனிடம் நான் முந்தின வாரம் சொன்னது அது. சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. விரல் வரியிலேயே நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"எப்பவுமேதான் மிஸ்."

"இத்தனை வருஷம் எப்படிச் சமாளிச்ச?"

"பரிச்சைல பக்கத்துப் பொண்ணப் பாத்து மொத வரி எழுதிடுவேன். மத்தபடி நான்தான எப்பவும் குரூப் லீடர். லீடர் எழுத வேணாம் மிஸ். வாயால சொன்னா போதும்."

தமிழ் மெதுவாகப் படித்தாள். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும், கூட்டினால் நின்றுவிடும். ஒரு முறை காதில் விழுந்தால் அப்படியே வந்துவிடும். வகுப்பின் மிகச் சிறந்த நினைவாற்றல் அவளுடையது. அதுதான் அவளைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இதில் அவசரம் என்னவென்றால், எங்கள் பள்ளியின் வாசலில் 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற பலகை இருந்தது. அது தானாக நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது, பத்தில் தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைத் தாளாளர் கூப்பிடுவார். யாரையும் குறை சொல்ல மாட்டார். "புள்ளைக்கு இங்க ப்ரெஷர் ஜாஸ்தியா இருக்குது. வேற நல்ல இடமா பாருங்க" என்பார். டீ வரும். அடுத்து டி.சி. வரும்.

சங்கீதாவின் அப்பா (அவளுக்கு நைனா) தனசேகர், டிராக்டர் வாடகைக்கு ஓட்டுகிறவர். கொஞ்சம் வேர்க்கடலைப் பயிரும் உண்டு; எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். கடைத்தெருவில் ஒரு நாள் பார்த்தேன். அவரே வண்டியை நிறுத்தினார்.

"இன்னா மிஸ், எங்க வூட்டு நடிகை எப்படிப் படிக்குது?"

எழுத்தில் இன்னும் கவனம் வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது.

"தோ பாருங்க மிஸ். மல்லாட்டைய வித்துதான் இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டிருக்கிறேன். ஊரே பாக்குது. இங்க வேணாம்னு அனுப்பிட்டாங்கன்னா அதோட சரி. அவ அத்த ஓசூர்ல இருக்குது. வூட்டோட இருந்து வேலையக் கத்துக்கட்டும்."

"செஞ்சிலயே கவர்மென்ட் ஸ்கூல் இருக்குதே. நல்லாவே நடத்தறாங்க."

"அங்க போடறதுன்னா மொதல்லயே போட்டிருப்பேனே. இப்ப கொண்டாந்து வுட்டா, ஊர்ல ஒவ்வொருத்தனும் இன்னா ஆச்சின்னு கேப்பான். நான் இன்னா சொல்றது?"

ஆக, அவள் பத்தாம் வகுப்பை எங்கள் பள்ளியில் படிக்க வேண்டும், இல்லையென்றால் எங்கும் படிக்கப் போவதில்லை.

படைப்பாற்றல் உள்ள ஆசிரியை என்று எனக்குப் பெயர் இருந்தது. உண்மையில் நான் செய்தது இதுதான்: மாலையில் சிங்கவரம் பஸ் வரும்வரை அவளோடு செஞ்சி பேருந்து நிலையத்தில் நிற்பேன். நுழைகிற ஒவ்வொரு பஸ்ஸின் பலகையையும் அவள் கூட்டிப் படிக்க வேண்டும். மேலே தமிழ், கீழே ஆங்கிலம். அதுவரை அவளுக்குப் பஸ்கள் நிறத்திலும் ஹாரன் சத்தத்திலும்தான் தெரியும். அதனால் முதல் நாட்களில் பலகையைப் பார்க்காமலேயே "திருவண்ணாமலை" என்பாள், சரியாகவும் இருக்கும். திரும்பி நிற்க வைத்து, பஸ் வந்து நின்று ஹாரன் ஓய்ந்த பிறகு திரும்பச் சொன்னேன். மேல்மலையனூரில் மாட்டிக்கொண்டு நிற்பாள். சேத்துப்பட்டு இரண்டு நாள் இழுத்தது. பாட்டு இல்லை, விளையாட்டு இல்லை, கை தட்டல் இல்லை. சலிப்பான வேலை. ராணி அக்கா வந்திருந்தால் படம் எடுக்க அங்கே ஒன்றுமே இருந்திருக்காது.

தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கண்டக்டர் பொறுக்க முடியாமல் கேட்டார்: "இன்னா டீச்சர், தெனம் வந்து போர்டையே பாக்குறீங்க, ஏறவும் மாட்றீங்க. டைம் கீப்பர் போஸ்ட்டு குடுத்துட்டாங்களா?"

"இவ எங்களுக்கு ட்ரெயினிங் குடுக்குறா" என்றேன்.

"அப்ப எங்க டிரைவரையும் சேத்துக்கம்மா. அவரும் போர்டப் பாக்காமத்தான் ஓட்டறாரு."

சங்கீதா சிரித்தாள். பல் தெரிந்தது.

பலகைகளில் இருந்து கடைப் பெயர்களுக்கும், அங்கிருந்து பாடப் புத்தகத்தின் வரிகளுக்கும் வந்தோம். ஒரு வரி முழுதாகக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். மறுநாள் அதே வரியில் தொடங்குவோம். இந்தச் சமயத்தில்தான் ஒரு மாலை, வழக்கத்துக்கு மாறாகப் பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மிஸ், குழவிய போட்டாலும் அதே ஆட்டந்தான்."

என்ன குழவி என்று கேட்டேன். ஊசல் பாடத்தில், குண்டின் எடை கூடினாலும் ஆடும் வேகம் மாறாது என்று சொல்லியிருந்தேன். வகுப்பில் செய்து காட்ட நூலும் கல்லும் கொண்டு போயிருந்தேன். படம் எடுத்தோம், மணி அடித்துவிட்டது. சங்கீதாவுக்கு அது நம்பும்படியாக இல்லை. வீட்டில் தம்பிக்குப் புடவையில் தூளி கட்டியிருக்கிறார்கள். அவன் தூங்கி எழுந்த பிறகு, பக்கத்தில் அதே உயரத்துக்கு இன்னொரு புடவையைக் கட்டியிருக்கிறாள். ஒன்றில் அம்மிக் குழவி, ஒன்றில் தலையணை. இரண்டையும் ஒரே அளவு இழுத்து விட்டிருக்கிறாள்.

"ரெண்டும் ஜோடியா ஆடுது மிஸ். தலையணை சீக்கிரம் ஓஞ்சிடுது. ஆனா ஓயற வரைக்கும் ஜோடிதான். அப்பறம் குழவி இருக்கறத ஒரு முடிச்சு ஏத்திக் கட்னேன். அது முந்திக்கினு போவுது. கனத்துல ஒண்ணும் இல்ல, உயரத்துலதான் இருக்குது."

"அம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"குழவியத் தாலாட்டறியாடின்னு அடிச்சாங்க."

நான் அத்தனை வருடம் எடுத்த பாடங்களில், ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். என் சொல்லை நம்பாததால் நடந்தது.

ஆண்டு முடியும் தறுவாயில் பள்ளிக்கு ஒரு ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. தாளாளர் என்னைக் கூப்பிட்டார். மாதிரி வகுப்பு என்னுடையது என்றார். டி.சி. கொடுக்க வேண்டியவர்களின் பெயர்களைப் பற்றி அப்போதே பேச்சு தொடங்கியிருந்தது. நான் சங்கீதாவுக்காகக் கேட்டேன்.

"எது, அந்த வாய் தொறக்கிற பொண்ணா?" பேனாவை எடுத்தார். "அத முன் பெஞ்சுல உக்கார வையிம்மா. மாடல் கிளாஸ் நல்லா போவட்டும். அப்பறம் செய்வோம்." பேனா கோணலாக இருந்தது. இருந்தாலும் டீ வரவில்லை. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

குழுவில் என் வகுப்புக்கு வந்தவர் நரைத்த முடியை இறுக்கமாகக் கொண்டை போட்ட ஒரு அம்மையார். அதிகம் பேசவில்லை. தாளாளரோடு கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னால், இல்லை என்று மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் பாடத்தைத் தொடங்கினேன். ஊசல்தான். நூலையும் கல்லையும் இன்னும் பையில் இருந்து எடுக்கவில்லை. கரும்பலகையில் தலைப்புகூட எழுதவில்லை.

அம்மையாரின் கைப்பையில் போன் அதிர்ந்தது. யார் என்று பார்க்க அதை வெளியே எடுத்து, கண்ணாடி இல்லாததால் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.

மொத்த வகுப்பும் ஆச்சரியப்பட்டது.

அத்தனை வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. பல் தெரியவில்லை. அத்தனை புருவமும் மேலே போனது. அத்தனை சுட்டுவிரலும் வெறும் மேசையை நோக்கி நீண்டது. சீருடை கசங்கிய இருவர் தாமாகவே எழுந்து பின்னால் போனார்கள்.

அம்மையார் போனை இறக்கினார். யாரும் "ஆச்சு" என்று சொல்லாததால் ஒரு வாயும் மூடவில்லை. அவர் மேசையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பாம்பு ஏதாவது வந்துவிட்டதா என்று தன் காலடியையும் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு? எதைப் பாத்து ஆச்சரியப்படறீங்க?"

கேள்வி முன் பெஞ்சில் இருந்த சங்கீதாவிடம் போய் நின்றது. கடைசி பெஞ்சில் தாளாளர் பேனா இல்லாத மேசையில் எதையோ நேராக்கிக்கொண்டிருந்தார். சங்கீதாவால் எதையும் நடித்துக் காட்ட முடியும். பத்தாம் வகுப்பில் அவள் இடம் அந்தப் பதிலில் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாதது பள்ளியில் எதுவும் இல்லை. எழுந்து என்னைப் பார்த்தாள். பிறகு அம்மையார் பக்கம் திரும்பினாள்.

"போன் எடுத்தீங்க மேடம். போன் எடுத்தா ஆச்சரியப்படணும்."

"யாரு சொன்னா?"

"தெனமும் அப்படித்தான் மேடம். படம் எடுத்த பிறகு பாடம்."

யாரோ இருமினார்கள். அம்மையார் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, "சரி. போன் இல்லாம எதுக்காச்சும் ஆச்சரியப்பட்டிருக்கியா?" என்றார்.

"தூளிக்கு, மேடம்."

சொன்னாள். சொல்வது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். தன் துப்பட்டாவையும் பக்கத்துப் பெண்ணின் துப்பட்டாவையும் வாங்கி, வாசலுக்கு மேலே இருந்த குறுக்குக் கம்பியில் ஒரே உயரத்தில் தொட்டில்போலக் கட்டினாள். ஒன்றில் எல்லாருடைய சாப்பாட்டு டப்பாக்களையும் போட்டாள். இன்னொன்றில் ஒரு வெறும் பை. இழுத்து விட்டாள். சுவர் இடிக்காமல் இருக்க வராந்தாப் பக்கமாக ஆடும்படி கட்டியிருந்தாள். அது எனக்குத் தோன்றியிருக்காது.

இரண்டும் ஜோடியாக ஆடின.

பிள்ளைகள் எழுந்து கிட்டே வந்தார்கள். ஒரு பெஞ்சு சாய்ந்தது, யாரும் நிமிர்த்தவில்லை. "டப்பா ஜாஸ்தி போடு" என்றான் மணிகண்டன். இன்னும் போட்டார்கள். அப்போதும் ஜோடிதான். நான் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். ஒரு வாய்கூடத் திறந்திருக்கவில்லை. உதடுகளை இறுக்கி, புருவத்தைச் சுருக்கி, கிட்டத்தட்ட எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான ஆச்சரியம் படத்துக்கு உதவாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ராணி அக்கா வராந்தாவில் போனோடு நின்றிருந்தார். எடுக்க மறந்துவிட்டார்.

குழு நல்லபடியாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. மறுநாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே டீ வந்தது.

"பொண்ணு நல்லாத்தான் பேசுதும்மா. பேசறதுக்கு பப்ளிக்ல மார்க் இல்லியே."

"இப்ப வாசிக்கிறா சார். முழுசா இல்ல. ஒரு வருஷத்துல வந்துடுவா."

"வந்துட்டா நல்லது. வரலன்னா?" வாசல் பலகை இருந்த திசையைப் பார்த்தார். "அவங்க நைனாவ வரச் சொல்லியாச்சு. பக்குவமா சொல்லிடுவோம்." டீயை என் பக்கம் நகர்த்தினார். "அப்பறம் இன்னொரு விஷயம். பஸ் ஸ்டாண்டுல அட்மிஷன் பேனர் வெக்கணும். நம்ம ஆக்டிவிட்டி போட்டோல ஒண்ணு எடுத்துக் குடும்மா. உனக்குத்தான் டேஸ்ட் இருக்குது."

எனக்கு ரசனை இருக்கிறது என்று ஒருவர் நம்பும்போது அதைக் காப்பாற்ற வேண்டும். டீயைக் குடித்து முடித்துவிட்டு, ராணி அக்காவின் போனை வாங்கி, எல்லாப் படங்களையும் பொறுமையாகப் பார்த்தேன். தேர்ந்தெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. எரிமலைக்கு முன்னால் சங்கீதா. கண்கள் விரிந்து, வாய் வட்டமாக, விரல் நீண்டு. மற்றவர்களை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன். மேலே 'சிந்திக்க வைக்கும் கல்வி', கீழே 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம்'. அச்சுக்கு முன் தாளாளரிடம் காட்டினேன்.

"அட, மாடல் கிளாஸ் பொண்ணு. நல்லா இருக்குது, போடச் சொல்லு" என்றார். அவருக்கு விளம்பரம் ஒரு வேலை, டி.சி. இன்னொரு வேலை. இரண்டும் ஒரே மேசைமேல் இருந்தாலும் ஒன்றை ஒன்று தொட்டதில்லை. பேனா அன்று நேராக இருந்தது.

பேனர் பேருந்து நிலைய வாசலில் ஏறியது. வீட்டு மாடி உயரம். தனசேகர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, எதற்காக வரச் சொல்கிறார்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்ல உரிமை இல்லை என்றேன். வரும்போது பஸ் ஸ்டாண்டு வழியாக வாங்க என்று மட்டும் சொன்னேன்.

டிராக்டரிலேயே வந்தார். சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்க வந்த பெற்றோர்கள் அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் தாளாளர் அறைக்குள் போன வேகத்திலேயே குரல் வெளியே கேட்டது.

"ப்ரெஷரா? எம் பொண்ணு மூஞ்ச அம்மாம் பெருசா பஸ் ஸ்டாண்டு வாசல்ல மாட்டிக்கினு, இங்க வந்தா படிப்பு வரலன்றீங்க. படிப்பு வராத புள்ள படத்தப் போட்டுத்தான் மத்த புள்ளைங்களச் சேக்குறீங்களா?"

விண்ணப்பத்தில் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா பேனாவை மூடினார். "எந்தப் பொண்ணு? பஸ் ஸ்டாண்டுல இருக்குதே, அதுவா?" என்று பக்கத்தில் கேட்டார். இன்னொருவர் எழுந்து தாளாளர் அறை வாசல்வரை போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

நான் உள்ளே போனபோது தாளாளரின் டீ தனசேகருக்கு வந்தது. அவர் குடிக்கவில்லை. தாளாளர் தன் டீயையும் குடிக்கவில்லை. அந்த அறையில் டீ ஆறிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

"நான் இன்னா சொன்னேன், நீங்க இன்னா புரிஞ்சிக்கினீங்க" என்றார் தாளாளர், வரிசைக்கும் கேட்கும்படி. "எக்ஸ்ட்ரா கோச்சிங் குடுத்து பத்தாவது படிக்க வெப்போம்னு சொல்லத்தான் கூப்ட்டேன். இதோ மிஸ் இருக்காங்க. அவங்க பாத்துப்பாங்க. செய்வோம்மா?" கடைசிக் கேள்வி எனக்கு.

"செய்வோம் சார்" என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் பயன்படுத்திய ஒரே படைப்பாற்றல் முறை அதுதான். வகுப்பறையில் இல்லை, அச்சகத்தில் நடந்தது. மற்றபடி நடந்தது பழைய சேத்துப்பட்டு, மேல்மலையனூர்தான். பத்தாம் வகுப்பு முழுக்க மாலையில் பேருந்து நிலையத்தில் நின்றோம். கண்டக்டர் மாறிவிட்டார்; புதியவரும் அதே கேள்வியைக் கேட்டார். சங்கீதா தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. அறிவியலைவிட ஆங்கிலத்தில் ஓரிரண்டு கூட வாங்கியிருந்தாள், அதை இப்போதும் என்னிடம் குத்திக் காட்டுவாள். பதினொன்றுக்குத் தானாகவே அரசுப் பள்ளிக்குப் போனாள். நைனாவை ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாஸான பிள்ளை எங்கு போனாலும் அது முன்னேற்றம்தான்.

என் ஓய்வு விழாவுக்கு வந்திருந்தாள். மேடையில் எல்லாரும் வரிசையாக நின்றோம். ராணி அக்கா போனைத் தூக்கியதும் ஆசிரியர்கள் அத்தனை பேருடைய வாயும் தானாகத் திறந்தது. சால்வையும் குத்துவிளக்குமாக நடுவில் நான், அதே முகத்தோடு.

"இன்னா மிஸ், இன்னுமா?" என்று கீழே இருந்து கேட்டாள் சங்கீதா.

ஆகவே, தங்கைகளே, நீங்கள் கேட்டதற்கு என் பதில். படத்தை முதலிலேயே எடுத்துவிடுங்கள். அதைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். ராணி அக்கா போய்விட்டால் மீதி நேரம் உங்களுடையது. நிறையப் பேசுகிற பிள்ளையிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எரிமலையின் ஒரு பக்கம் உடைந்திருக்கிறது, அந்தப் பக்கத்தைச் சுவரோரம் வையுங்கள்.

விழா முடிந்து, சங்கீதாவைச் சிங்கவரம் பஸ் ஏற்றிவிட நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் வேறு பேனர் இருந்தது, வேறு பிள்ளை, அதே எரிமலை. பழையது என்ன ஆனது என்று கேட்டேன்.

"கழட்டும்போது நைனா கேட்டு வாங்கிக்கினு வந்துட்டாரு மிஸ். களத்துல மல்லாட்ட மேல போத்தியிருக்குது. எம் மூஞ்சு வானத்தப் பாத்து வாயப் பொளந்துக்கினு கெடக்குது." பஸ் வந்தது. பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். ஜன்னலில் இருந்து தலையை நீட்டிச் சொன்னாள்: "மழைக்கு நல்லா தாங்குது மிஸ்."

நான் தயாரித்த கற்பித்தல் உபகரணங்களில் இன்றைக்கும் பயன்பாட்டில் இருப்பது அது ஒன்றுதான்.